கோழிக்கரு மேக்னோ செல்: 100 ஹெர்ட்ஸில் இவ்வளவு சரிவு இயல்பா, கைத்தவறா?

சோகநாசினி:

வணக்கம். எழுதுவது சித்தூரிலிருந்து. பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராச் சித்தூர் அல்ல. பொள்ளாச்சிப் பக்கத்துப் பொரிப்பகம் ஒன்றிலிருந்து கோபாலபுரம் வழியாக வரும் முட்டைகளை இன்குபேட்டரில் வைக்கிறோம். 18-ஆம் நாள் கருவின் மூளைத்தண்டை 250 மைக்ரான் கனத்தில் குறுக்காகச் சீவி, நியூக்ளியஸ் மேக்னோசெல்லுலாரிஸ் (இனி மேக்னோ) செல்களில் பேட்ச் பதிவு (கண்ணாடி பிப்பெட்டைச் செல்லில் ஒட்டி மின்னோட்டத்தை அளப்பது) எடுக்கிறோம். காது நரம்பு வந்து முடியும் இந்த இணைப்பு, அடுத்தடுத்து வரும் துடிப்புகளுக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதுதான் தலைப்பு.

செல்லை −60 மில்லிவோல்ட்டில் நிறுத்தி, காபா-ஏ ஏற்பியை அடைக்கும் கேபசீன் 10 மைக்ரோமோலார் ஓடவிட்டு, நரம்பை 100 ஹெர்ட்ஸில் 20 தடவை தூண்டுகிறோம். 5 நொடிக்கு ஒரு தொடர். முதல் மின்னோட்டம் 3.2 நானோஆம்பியர், 20-ஆவது 0.9. மிச்சம் 28 சதவீதம்தான். சோர்வு வரும் என்று படித்திருக்கிறோம், ஆனால் இவ்வளவா? அறை ஏசியில் 23 டிகிரி. சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் (பிப்பெட் முனையின் மின்தடை) 11 மெகாஓம். ஈடுசெய்யும் குமிழைத் திருப்பினால் ஆம்ப்ளிஃபையர் ஊளையிடுவதால் அதைத் தொடவில்லை.

அடுத்தது காபா என்ற தடுப்பு நரம்புக்கடத்தி. கேபசீன் இல்லாமல் காபாவை ஊதினால் செல் −62-இலிருந்து −40 வரை மேலே ஏறுகிறது. தடுப்பான் என்றால் கீழேதானே போக வேண்டும்? பிப்பெட் கரைசல், மில்லிமோலாரில்: பொட்டாசியம் குளுக்கோனேட் 105, பொட்டாசியம் குளோரைடு 35, மெக்னீசியம் குளோரைடு 1, ஈஜிடிஏ 5, ஹெப்பஸ் 10, ஏடிபி-மெக்னீசியம் 4, ஜிடிபி-சோடியம் 0.3.

கூடவே, ஏசிஎஸ்எஃப் (துண்டின் மேல் ஓடும் செயற்கை மூளைத் தண்டுவடத் திரவம்) சில நாள் பால் மாதிரி வெளுத்துப்போகிறது. மின்பதிவு கைகொடுக்காவிட்டால், வெட்டிச் சாயம் போட்டே காட்டக்கூடிய தகவமைப்பு ஏதாவது உண்டா?

மெகாஓம்:

28 சதவீதம் என்பது உங்கள் கருவி சொல்லும் கணக்கு. உண்மை அதைவிட மோசம், போட்டுப் பாருங்க.

3.2 நானோஆம்பியரை 11 மெகாஓமால் பெருக்கினால் 35 மில்லிவோல்ட். திரையில் −60 என்று நின்றாலும், அந்த உச்சக் கணத்தில் செல் ஏறக்குறைய −25-இல் இருக்கிறது. குளூட்டமேட் மின்னோட்டம் 0-வில் திரும்புவதால் தள்ளுவிசை 60 அல்ல, 25. கடத்துதிறன் 3.2-ஐ 25-ஆல் வகுத்தால் 128 நானோசீமென்ஸ். 20-ஆவது துடிப்புக்கு இழப்பு 10 மில்லிவோல்ட், தள்ளுவிசை 50, கடத்துதிறன் 18. ஆக 128-இல் 18, அதாவது 14 சதவீதம். பெரிய துடிப்பைத்தான் ரெசிஸ்டன்ஸ் அதிகம் வெட்டும், சிறியதை விட்டுவிடும். அதனால் சரி செய்யாத பதிவில் சோர்வு எப்போதும் குறைவாகத்தான் தெரியும். உச்சம் மழுங்குவது தனி. செல்லின் கெபாசிட்டன்ஸ் 20 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 11 மெகாஓமுடன் சேர்ந்து 0.22 மில்லிசெகண்ட் வடிகட்டி. இந்த மின்னோட்டம் ஏறும் நேரமே அதற்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஊளைக்குக் காரணம் பெரும்பாலும் பிப்பெட் கெபாசிட்டன்ஸ். செல்லைத் திறப்பதற்கு முன்பே, சீல் விழுந்தவுடன், வேகக் குமிழ் கொண்டு அதை நீக்கிவிடுங்க. சேம்பரில் தண்ணீர் மட்டத்தைப் பாதியாக்குங்க. பிப்பெட் முனைக்குச் சற்று மேலே சில்கார்ட் என்ற சிலிக்கோன் பூசினால் இன்னும் நல்லது. பிறகு 30, 50, 70 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றினால் ஊளை வராது. திறந்த பிறகு 8 மெகாஓமுக்கு மேல் இருக்கும் செல்லையும், பதிவின் நடுவில் 20 சதவீதத்துக்கு மேல் மாறும் செல்லையும் தயங்காமல் தள்ளிவிடுங்க. அதற்குப் பிறகும் மின்னோட்டம் பெரிதாக இருந்தால் கைனூரெனிக் அமிலம் அரை மில்லிமோலார் ஓடவிடுங்க. அது ஏற்பியில் லேசாகத்தான் ஒட்டும். மின்னோட்டத்தைக் குறைப்பதோடு, ஏற்பி மரத்துப்போவதையும் தணிக்கும். இன்னொரு குளூட்டமேட் தடுப்பானான என்பிகியூஎக்ஸ் இந்த வேலைக்கு உதவாது. அது இறுகப் பிடித்துக்கொள்ளும், அளவு மட்டும்தான் குறையும்.

5 நொடி இடைவெளி போதாது. தொடர்களுக்கு இடையில் 20 முதல் 30 நொடி விடுங்க. அடுத்தடுத்த 10 தொடர்களின் முதல் துடிப்பை மட்டும் வரிசையாகக் குறித்துப் பாருங்க. கோடு படுத்திருக்க வேண்டும். இறங்கினால், நரம்பு முனையில் குளூட்டமேட்டை வைத்திருக்கும் நுண்பைகள் நிரம்புவதற்குள் அடுத்த தொடரைத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பெரிய தப்பு அந்த 23 டிகிரி. கோழியின் உடம்பு 41. குளிரில் நுண்பை நிரம்புவதும் மெதுவாகிறது, மரத்துப்போன ஏற்பி தெளிவதும் மெதுவாகிறது. 34–35-இல் பதிவு செய்யுங்க. ஹீட்டர் திரையை நம்பாமல் துண்டுக்கு 2 மில்லிமீட்டர் அருகே சிறிய தெர்மிஸ்டர் வைத்து அளங்க. குளிர்ந்த கரைசல் குழாயில் சூடாகும்போது வாயு பிரிந்து குமிழி வரும், துண்டு துள்ளும், சீல் போகும். பாட்டிலையே முதலில் 36-க்குச் சூடாக்கி, அங்கேயே கார்போஜன் (ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு கலவை) விட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் சரிவு எதனால் என்று பார்க்க, கால்சியத்தை 2 மில்லிமோலாரிலிருந்து 1-ஆகக் குறைத்து மெக்னீசியத்தை 1 ஏற்றுங்க. முதல் துடிப்பு நன்றாகச் சுருங்கி, 20-ஆவது ஏறக்குறைய அப்படியே நின்றால் நுண்பை தீர்ந்துபோவதுதான் முக்கியக் காரணம். காபா-பி ஏற்பியைத் தூண்டும் பேக்ளோஃபென் கொடுத்தும் இதையே பார்க்கலாம். நரம்பு முனையிலுள்ள காபா-பி ஏற்பி வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துவதால் தொடக்கத்தில் செலவு குறைகிறது, தொடரின் கடைசியில் கையிருப்பு நிற்கிறது. சிக்கனமாகச் செலவழிப்பவன் மாதக் கடைசியில் கடன் கேட்காத மாதிரி. 1998-இல் பிரெனோவிட்ஸ், டேவிட், ட்ரஸ்ஸல் காட்டியது இதே மேக்னோவில்தான்.

அடைக்கூடை:

மெகாஓம் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்தக் கரு 18-ஆம் நாள்தானா என்று யாரும் கேட்கவில்லையே.

முட்டையை இன்குபேட்டரில் வைத்த நாளை 1 என்று எண்ணுகிறீர்களா, 0 என்றா? வைத்த நாள் 0. இதில் மட்டுமே ஒரு நாள் போய்விடும். முட்டை பொரிப்பகத்தில் ஒரு வாரத்துக்கு மேல் குளிரில் கிடந்திருந்தால் வளர்ச்சி பிந்தும். பங்குனி, சித்திரை வெயிலில் மதியம் வண்டியில் வந்தால் கதை தலைகீழ். பாலக்காட்டுக் கணவாயில் அந்த நேரத்துக்கு 38, 39 டிகிரி சாதாரணம். ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்துவிட்டால் செக்போஸ்ட்டில் மருந்து தெளிக்க வண்டிகள் வரிசையில் நிற்கும். அட்டைப் பெட்டிக்குள் முட்டை தானாகவே அடைகாக்கத் தொடங்கிவிடும். பிறகு ஏசி அறைக்கு வந்து ஆறும். இப்படி ஏறி இறங்கின முட்டையில் பாதி சாகும், மீதி ஒன்றுக்கொன்று வயது ஒத்துப்போகாது.

விடியற்காலை வண்டியில் வரவழைங்க. வந்ததும் மழுங்கின முனை மேலே இருக்கும்படி 15–18 டிகிரியில் வைங்க. ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்க. அடைவைப்பதற்கு முன் 6 மணி நேரமாவது அறை வெப்பத்தில் ஆறவிட வேண்டும், இல்லையென்றால் ஓடு வியர்த்துக் கிருமி உள்ளே போகும். இன்குபேட்டர் 37.5 முதல் 37.8, ஈரப்பதம் 55 சதவீதம் அளவில். முட்டை மட்டத்தில் தனித் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்க, கதவில் தெரியும் எண் மேல்தட்டின் எண்.

எப்படி வைத்தாலும் காலண்டரைப் பார்த்து வயது எழுதாதீங்க. ஹாம்பர்கர்–ஹாமில்ட்டன் 1951-இல் போட்ட அட்டவணை இருக்கிறது. மூளையை எடுத்த கையோடு காலின் மூன்றாம் விரலை வெர்னியரில் அளங்க. சராசரி 16.7 மில்லிமீட்டர் என்றால் 42-ஆம் நிலை, அதாவது 16-ஆம் நாள். 18.6 என்றால் 43-ஆம் நிலை, 17-ஆம் நாள். 20.4 என்றால் 44-ஆம் நிலை, 18-ஆம் நாள். கறிக்கோழி இனத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதனால் ஒரே இனத்தின் முட்டையை மட்டும் வாங்குங்க.

ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் இங்கே சின்ன விஷயமில்லை. இந்த வயதில்தான் இணைப்பு முதிர்கிறது. ஒரு மேக்னோ செல்லுக்கு முதலில் நான்கைந்து நரம்பிழைகள் வரும். பிறகு கழிந்து இரண்டு மூன்றே மிஞ்சும். ஒவ்வொரு முனையும் விரிந்து செல்லைக் கை போலப் பொத்திக்கொள்ளும். இளசில் ஒரே துடிப்புக்கு நிறைய நுண்பைகள் கொட்டும், ஏற்பியும் சட்டென்று மரத்துப்போகும். முதிர முதிர இரண்டும் குறையும், சோர்வும் குறையும். தூண்டும் வோல்ட்டேஜை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் மின்னோட்டம் படிபடியாகத் தாவும். ஒரு படி ஒரு இழை. ஐந்து படி தெரிந்தால் உங்கள் கரு இளசு.

குப்பி_கழுவி:

பால் வெளுப்புக்கு மட்டும். கார்போஜன் விடாத பைகார்பனேட் கரைசலில் கால்சியத்தைப் போட்டிருக்கிறீர்கள், சுண்ணாம்பு படிகிறது. ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 7.60 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.18, பொட்டாசியம் குளோரைடு 0.22, நீரற்ற சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.15, குளுக்கோஸ் 1.80. 900 மில்லியில் கரைத்து 95-க்கு 5 கார்போஜனை 15–20 நிமிடம் விட்டு, பி.எச். 7.3–7.4-க்கு வந்த பிறகு 1 மோலார் மெக்னீசியம் குளோரைடு 2 மில்லி. கடைசியாக 1 மோலார் கால்சியம் குளோரைடு 2 மில்லியைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கிக்கொண்டே விடுங்க. வெளுத்துவிட்டால் ஊற்றிவிடுங்க, வடிகட்டிப் பயன்படுத்த வேண்டாம். கால்சியம் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. கால்சியம் தெரியாமல் சோர்வை அளந்து என்ன பயன்?

கால்சியம் குளோரைடு உப்பு ஈரத்தை உறிஞ்சும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் திறந்த டப்பாவை எடைபோட்டுக் கரைசல் செய்வதே தப்பு. தயாராக விற்கும் 1 மோலார் கரைசல் வாங்குங்க.

பாலாறு_வடகரை:

ஆந்திராச் சித்தூர் மாவட்டம், குப்பம் பக்கத்திலிருந்து. உங்கள் காபா சரியாகத்தான் வேலை செய்கிறது.

பிப்பெட்டில் குளோரைடு 35 கூட்டல் 2, ஆக 37. வெளியே, குப்பி_கழுவி சொன்ன கரைசலில், 130, 3, 4, 4 சேர்ந்து 141. 35 டிகிரியில் சமநிலை ஏறக்குறைய −36 மில்லிவோல்ட் வரும், உங்கள் 23 டிகிரியில் −34. செல் −62-இலிருந்து மேலே ஏறாமல் வேறெங்கே போகும்? இதைப் பார்த்து "நம் கரைசலின் கோளாறு" என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. கலையாத மேக்னோ செல்லிலும், பொரித்த குஞ்சிலும்கூட, காபா மேலேதான் தள்ளுகிறது. இந்தக் கரைசல் செய்முறையே அந்த இயற்கை அளவை ஒட்டி வைத்ததுதான்.

மேலே தள்ளிக்கொண்டே தடுப்பது எப்படி என்றால், −40 பக்கம் போனதும் குறைந்த வோல்ட்டேஜில் திறக்கும் கேவி1 பொட்டாசியம் வாய்கள் திறக்கின்றன, சோடியம் வாய்கள் செயலற்றுப்போகின்றன, செல்லின் ரெசிஸ்டன்ஸ் விழுகிறது. அந்த நேரத்தில் வரும் நரம்புத் துடிப்பு ஓட்டைப் பானையில் ஊற்றின தண்ணீர். இந்தக் காபாவை அனுப்புவது மேல் ஆலிவ் முடிச்சு. சத்தம் கூடக் கூட அது அதிகமாக வேலை செய்து, உரத்த ஓசையிலும் நேரக் கணக்கு குழம்பாமல் காக்கிறது.

ஆனால் உங்கள் பதிவை வைத்து "செல்லின் சொந்தக் குளோரைடு இவ்வளவு" என்று எழுத முடியாது, நீங்கள்தான் குளோரைடை உள்ளே ஊற்றிவிட்டீர்களே. அதற்கு கிராமிசிடின் துளைப் பதிவு வேண்டும். அந்தத் துளை சோடியம், பொட்டாசியத்தை விடும், குளோரைடை விடாது. பிப்பெட் முனையில் கிராமிசிடின் இல்லாத கரைசலை அரை மில்லிமீட்டர் நிரப்பி, பின்னால் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் கலந்ததை ஊற்றுங்க. சீல் விழுந்து 20–40 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிப்பெட்டில் வேண்டுமென்றே 140 பொட்டாசியம் குளோரைடு வைங்க: சவ்வு நடுவில் கிழிந்தால் காபாவின் திரும்புமிடம் சட்டென்று 0 பக்கம் தாவும், கிழிந்தது உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று, மெகாஓமோடு கொஞ்சம் சண்டை. சோர்வு என்றாலே சரிசெய்ய வேண்டிய கோளாறு போல எழுதியிருக்கிறார். முதல் துடிப்பை 100 என்று வைப்பதே செயற்கை. உயிருள்ள பறவையில் காது நரம்பு, சத்தமே இல்லாதபோதும், நொடிக்குப் பல பத்துத் தடவை துடித்துக்கொண்டேதான் இருக்கிறது. துண்டில் இருப்பது போல ஓய்ந்து படுத்த இணைப்பு அங்கே கிடையாது. 30 ஹெர்ட்ஸில் சில நொடி ஓட்டி, அது நிலைத்த பிறகு 100, 200 என்று தாவிப் பாருங்க. அந்தத் தாவலில் என்ன ஆகிறது என்பதுதான் பறவைக்கு முக்கியம். மேக்னோவிலிருந்து லாமினாரிஸுக்குப் போகும் அடுத்த இணைப்பில் இந்தச் சோர்வே உதவி. இரு காதுச் செய்தியும் ஒரே கணத்தில் வந்தால் மட்டும் பேச வேண்டிய செல் அது. ஓசை உரக்கும்போது ஒவ்வொரு துடிப்பும் சிறுத்துவிடுவதால், ஒரு காது மட்டும் கத்தி அதை ஏமாற்ற முடிவதில்லை. 2003-இல் குக்கும் ஸ்பெயினும் மற்றவர்களும் சொன்னது இது. அதே காது நரம்பின் மற்றொரு கிளை ஆங்குலாரிஸில் முடிகிறது. அங்கே சோர்வோடு ஏற்றமும் கலந்து வருவதால் வேகம் கூடியதைச் செல் உணர்கிறது, ஓசையின் அளவு பதிவாகிறது. ஒரே நரம்பு, போய்ச் சேரும் வீட்டைப் பொறுத்து வேறு குணம். ரிக் (மின்பதிவுக் கருவி) இருக்கிறவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விடுவது எனக்குப் புரியாத விஷயம்.

சாயம் போட்டுக் காட்ட: பொரித்த குஞ்சில் ஒரு பக்கக் காக்ளியாவை (உட்காதின் கேட்கும் உறுப்பை) எடுத்தால் இரண்டு நாளில் அந்தப் பக்க மேக்னோவில் சுமார் 30 சதவீதம் செல்கள் சாகும், மிஞ்சியவை சிறுக்கும். எட்வின் ரூபெல் குழு விரிவாகச் செய்தது. மேக்னோவுக்குத் தன் பக்கக் காதிலிருந்து மட்டுமே நரம்பு வருவதால், அதே வெட்டின் மறுபக்கம் உங்களுக்கு ஒப்பீடு; சாய வேறுபாடு, கன வேறுபாடு என்று யாரும் குறைசொல்ல முடியாது. 10 மைக்ரான் பாரஃபின் வெட்டு, தயோனின் சாயம், நியூக்ளியோலஸ் தெரியும் செல்களை மட்டும் எண்ணுங்க. செல்லின் உருவத்தை எண்ணினால் சிறுத்த செல் குறைந்த வெட்டுகளில் அகப்படும், சாகாததையும் செத்ததாகக் கணக்கு காட்டும். வளர்ந்த கோழியில் இந்தச் சாவு மிகக் குறைவு, வயதை எழுதுங்க. விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் கத்தியைத் தொட வேண்டாம்.

சாகாமல் மிஞ்சிய செல் சும்மா இருப்பதில்லை. 2010-இல் ஹிரோஷி குபா குழு, காக்ளியா இழந்த மேக்னோ செல்களில் ஆக்ஸானின் தொடக்கப் பகுதி நீள்வதைக் காட்டியது. சோடியம் வாய்கள் பரவி, குறைந்த தூண்டுதலுக்கே செல் துடிக்கிறது. வருமானம் குறைந்த வீடு செலவைச் சுருக்குவது போலத்தான். அந்தத் தொடக்கப் பகுதியில் குவியும் ஆன்கிரின்-ஜி புரதத்துக்கான எதிர்ப்புரதச் சாயத்தில் இதை அளக்கலாம், ரிக் வேண்டாம். கனமான வெட்டில் கான்ஃபோகல் அடுக்காக எடுத்து, இழையின் வழியே முப்பரிமாணத்தில் அளங்க. தட்டைப் படத்தில் அளந்தால் சாய்ந்த இழை குட்டையாகத் தெரியும்.

சோகநாசினி:

எல்லாருக்கும் நன்றி. எடுத்துவைத்த ஆறு கருக்களின் விரலை அளந்தோம்: 17.1 முதல் 17.6 வரை. வைத்த நாளை 1 என்றுதான் எண்ணியிருக்கிறோம். வோல்ட்டேஜை ஏற்றியபோது தெரிந்த படிகள் நான்கு, ஒன்றில் ஐந்து.

அறுவை வேண்டாம் என்று பார்க்கிறோம். காக்ளியாவை எடுக்காமல் குஞ்சின் காதில் பஞ்சோ மெழுகோ அடைத்தால் அதே மாற்றம் வருமா? இந்தப் பக்கம் அரிசி மில் பரணில் கூகை நிறைய உண்டு. கூகையில் கண்ணாடி மாட்டிச் செய்த ஆய்வும் இதே வகைதானா?

பாலாறு_வடகரை:

அடைத்தால் வராது. நடுக்காதின் எலும்பையே எடுத்தும் பார்த்திருக்கிறார்கள். மேக்னோ செல் சாகவில்லை. காக்ளியா கெடாதவரை நரம்பின் தன்னியல்புத் துடிப்பு நிற்பதில்லை, செல்லை வாழவைப்பது அந்தத் துடிப்புதான். டெட்ரோடோடாக்சின் விட்டு நரம்பை மௌனமாக்கினால், காக்ளியா அங்கேயே இருந்தும் செல் வாடுகிறது. வெளிச்சத்தம் குறைவதும் நரம்பு அடங்குவதும் ஒன்றல்ல.

கூகை வேறு மாடி. எரிக் நட்சன் குழு பட்டகக் கண்ணாடி மாட்டிப் பார்வையை 23 டிகிரி திருப்பியது. கூகைக்கு ஒரு டிகிரிக்குக் காதுகளின் நேர வித்தியாசம் ஏறக்குறைய 2.5 மைக்ரோசெகண்ட், ஆக 57 மைக்ரோசெகண்ட் அளவுக்குக் கேட்டல் வரைபடம் நகர வேண்டும். குஞ்சில் சில வாரத்தில் நகர்ந்தது. நகர்ந்த இடம் நடுமூளையில், கீழ் கொலிகுலஸின் வெளி அடுக்கில்: புதிய இழைகள் முளைத்தன, பழைய வழி அழியவில்லை, தடுப்பில் அடங்கிக் கிடந்தது. வளர்ந்த கூகையில் ஒரே தடவையில் 23 டிகிரி மாட்டினால் ஏறக்குறைய அசையவில்லை. 6, 11, 17, 23 என்று சிறு படியாக ஏற்றினபோது நன்றாக நகர்ந்தது, 2002-இல் வந்த முடிவு. மேக்னோவையும் லாமினாரிஸையும் அந்த ஆய்வோடு சேர்த்து எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். மில் பரணில் இருக்கும் கூகை வனவிலங்குச் சட்டத்தில் வருவது, அதை அங்கேயே விடுங்க.

மெகாஓம்:

சண்டையில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்: 30 ஹெர்ட்ஸ் பின்னணி ஓட்டுவது நல்ல யோசனை. ஆனால் அதையும் 70 சதவீத ஈடுசெய்தலோடு ஓட்டுங்க.

17.1–17.6 என்றால் 42-க்கும் 43-க்கும் நடுவில், நீங்கள் பதிவு செய்தது 16-ஆம் நாள் கடந்த கரு. பழைய பதிவுகளைத் தூக்கிப்போட வேண்டாம். "18" என்பதை அடித்து நிலையை எழுதி, இளம் வயதுக் குழு என்று வைத்துக்கொள்ளுங்க. 44-ஆம் நிலையில் அதே கரைசல், 35 டிகிரி, 30 நொடி இடைவெளியில் எட்டு செல் எடுத்தால் முதிர்ச்சி ஒப்பீடு கையில் வந்துவிடும். இளம் குழுவிலும் மூன்று நான்கு செல்லை 35 டிகிரியில் மறுபடி எடுங்க, இல்லையென்றால் வயது மாற்றமா வெப்ப மாற்றமா என்று பிரிக்க முடியாது.

அடைக்கூடை:

அந்த மறுபதிவுக்கு அதே பொரிப்பகம், அதே இனம். வைத்த நாளையும் மணியையும் பென்சிலால் ஓட்டிலேயே எழுதுங்க. மார்க்கர் பேனா மை ஓட்டின் துளை வழியே உள்ளே இறங்கும்.